ஏர்கோன் அறையில் என்ன ஆபத்து?

"வெயில் இல்ல, மழை இல்ல, பாம்பு இல்ல. ஏர்கோன்ல உக்காந்து செய்யுற வேலை சார். இதுல என்ன ஆபத்து வந்துடப் போவுது?"

மகளைக் கணினி வகுப்பில் சேர்க்க வந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டது இது. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். அன்று வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கை முழுக்க முள் கீறல். அந்தக் கையோடு அவர் கேட்டபோது சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் சனி, ஞாயிறுகளில் கணினி சொல்லித் தருகிறேன். பெரியவர்கள் வாயில் ஊர்ப்பெயர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 12 கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு ஏர்கோன். படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள், மீதிப்பேர் அவர்களுடைய அம்மாக்கள், அக்காக்கள். அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். கணினிக்கூடத்தில் முதன்முதலாகக் கால் வைக்கிற எவருக்கும் இது உதவும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஆபத்து ஒன்று, இடர் ஒன்று. பேச்சில் இரண்டையும் ஒன்றாகப் புழங்குகிறோம். பாதுகாப்புத் துறையில் இவை வேறு வேறு. உடம்புக்குத் தீங்கு செய்யக்கூடிய பொருளோ நிலையோ எதுவானாலும் அது ஆபத்து. அந்தத் தீங்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு மோசம் என்ற கணக்குதான் இடர்.

செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உயர மரத்துக்குப் பயன்படுத்தும் நீளக் கம்பு அலுமினியம். தோட்டத்தின் ஓரமாக மின்கம்பி போகிறது. கம்பி அங்கே இருப்பது ஆபத்து. அதிலிருந்து 100 மீட்டர் தள்ளி வெட்டுகிறவருக்கு இடர் இல்லை என்றே சொல்லலாம். கம்பிக்கு நேர் கீழே, ஈர மண்ணில் நின்று கம்பைத் தூக்குகிறவருக்கு அது உயிர்போகும் இடர். அப்படி உயிர்போன தொழிலாளர்கள் இந்நாட்டில் உண்டு. கம்பியும் அதேதான், கம்பும் அதேதான். யார், எங்கே, எந்த நிலையில் நிற்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2008இல் வெளியிட்ட வழிகாட்டி இந்தக் கணக்கை எண்ணில் போடச் சொல்லித் தருகிறது. நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். நடந்தால் விளையும் கேட்டுக்கும் 1 முதல் 5 வரை. இரண்டையும் பெருக்கி 15 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர்ந்த இடர், உடனே கவனிக்க வேண்டும். 5 முதல் 12 வரை நடுத்தரம். 4க்குள் என்றால் குறைவு.

எங்கள் அறையையே எடுத்துக்கொள்கிறேன். கண் எரிச்சல் கட்டாயம் வரும், வாய்ப்பு 5. ஆனால் சற்று ஓய்ந்தால் சரியாகிவிடும், கேடு 1. பெருக்கினால் 5. நடைபாதையில் கிடக்கிற வயர் தடுக்கி விழுவது வாய்ப்பு 4, கேடு 2, ஆக 8. உடைந்த சாக்கெட், அதன் கீழே மழை நாளில் ஈரக் குடை வைக்கிற இடம்: வாய்ப்பு 4, கேடு 4. 16. பிள்ளைகள் தினமும் முறையிடுவது கண் எரிச்சலைப் பற்றி. உடைந்த சாக்கெட்டைப் பற்றி ஒருவரும் முறையிட்டதில்லை. கணக்குப் போடுவதால் கிடைக்கும் பயன் இதுதான். அடிக்கடி வருகிற தொல்லை கண்ணை மறைக்கும்போது, எப்போதோ ஒரு நாள் உயிரை எடுக்கப் போவதை எண் காட்டிக்கொடுக்கிறது.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? இதற்கும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது.

என் அம்மா பல ஆண்டுகள் தோட்டத்தில் மருந்தடித்தவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லி. ஒரு மடக்கு உள்ளே போனாலும் உயிரை எடுக்கக்கூடிய நஞ்சு, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. அம்மாவுக்கு முகமூடியும் கையுறையும் கொடுத்திருந்தார்கள். பத்து மணி வெயிலில் முகமூடிக்குள் மூச்சு முட்டும். கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். "போட்டுக்கிட்டு அடிங்கன்னு சொன்னா கேக்குறாங்களா" என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திட்டுவார். தப்பு அம்மா மேல் என்றே நானும் சிறுவயதில் நினைத்தேன். 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் பாராகுவாட்டுக்குத் தடை. அந்த மருந்தே இல்லாமல் போன பிறகு, யார் முகமூடி போட்டார், யார் கழற்றினார் என்ற பேச்சுக்கு இடமில்லை.

பாதுகாப்பு வரிசை இந்த அனுபவத்தைத்தான் முறைப்படுத்திச் சொல்கிறது. முடிந்தால் ஆபத்தையே நீக்கு. முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ளதாக மாற்று. அதுவும் முடியாவிட்டால் ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு அமை. அதற்கு அடுத்துதான் விதிகள், பயிற்சி, அறிவிப்புப் பலகை. கடைசியில் முகமூடி, கையுறை. மேலே இருப்பவை மனிதருடைய நினைவையும் ஒழுங்கையும் நம்பி நிற்பதில்லை. கீழே இறங்க இறங்க எல்லாம் அந்த நினைவை நம்பித்தான்.

நான் பார்த்த கணினிக்கூடங்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது. வாசலில் "ஓடாதே, உண்ணாதே, வயரைத் தொடாதே" என்று பத்து விதிகள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும். உள்ளே போனால் காலடியில் வயர் குவியல். பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் அறையைத் திருத்த வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மின்சாரம்

வகுப்புக்கு வருகிறவர்கள் கணினியைத் தொடத்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது சுவரை. விசைப்பலகையிலும் சுட்டியிலும் ஓடுவது 5 வோல்ட். அதனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. சுவரில் இருப்பது 230 வோல்ட்.

நம் வீட்டு ப்ளக்கில் மூன்று கால். நீளமான மேல்கால் எர்த். அது முதலில் உள்ளே போய், மற்ற இரண்டு துளைகளையும் மூடியிருக்கிற தடுப்பைத் திறக்கிறது. குழந்தை கம்பியை நுழைத்தாலும் மின்சாரத்தைத் தொடாமல் இருக்கத்தான் அந்த அமைப்பு. ஆனால் இரண்டு கால் சார்ஜரைச் செருகுவதற்காக, பேனாவை மேல்துளையில் குத்தித் தடுப்பைத் திறக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெரியவர்கள் செய்வார்கள், பிள்ளைகள் பார்த்துப் பழகுவார்கள். இந்த ஒரு செயலால் மேலே சொன்ன பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. சில வெள்ளிக்கு அடாப்டர் கிடைக்கும். நான் ஐந்தாறு வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன். பேனாவால் குத்தாதே என்று நூறு முறை சொன்னபோது நிற்காத பழக்கம், அடாப்டர் கையெட்டும் தூரத்தில் இருந்ததும் நின்றது.

அடுத்தது எக்ஸ்டென்ஷன். ஒரு சாக்கெட்டின் அளவு 13 ஆம்பியர், ஏறக்குறைய 3000 வாட். மேசைக் கணினி ஒன்று திரையோடு சேர்த்து 150 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் 12 கணினிக்கு 1800. பரவாயில்லையே என்று தோன்றும். அதே வரிசையில் ஒருவர் டீ போடக் கெட்டிலைச் செருகுகிறார்: 2000 வாட். மொத்தம் 3800, அதாவது 16 ஆம்பியருக்கு மேல். ஃபியூஸ் போய்விடுமே என்கிறீர்களா? உடனே போகாது. சற்றே கூடுதலான சுமையை 13 ஆம்பியர் ஃபியூஸ் நெடுநேரம் தாங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் எங்கே பிடிப்பு தளர்ந்திருக்கிறதோ அந்த இடம் சூடேறும். பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு உருகும். லேசர் பிரிண்டரும் சூடேறும் நேரத்தில் அதிகமாக இழுக்கும். ஆகவே கெட்டில் அறைக்குள் வேண்டாம், பிரிண்டருக்குத் தனி சாக்கெட், எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் செருகவே கூடாது. சுருள் வயர் உள்ள எக்ஸ்டென்ஷனை முழுவதும் பிரித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்; சுருட்டியபடியே இருந்தால் சூடு வெளியேற வழியிருக்காது. வாங்கும்போது சிரிம் என்னும் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் உள்ளே இருக்கும் செம்பு தலைமுடி அளவுதான் இருக்கும்.

ஃபியூஸைப் பற்றி இன்னொன்று. ஃபியூஸ் நம்மைக் காப்பாற்றும் என்று பலரும் நம்புகிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. 13 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது அறுபடும். மனித இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்க ஓர் ஆம்பியரில் ஒரு சிறு பகுதி போதும். நமக்காக இருப்பது மின்பெட்டிக்குள் இருக்கிற ஆர்.சி.சி.பி. சாக்கெட்டுகளுக்கு வைப்பது வழக்கமாக 30 மில்லியம்பியர். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் அந்த அளவுக்கு வேறுபட்டால், ஒருவர் உடம்பு வழியாக அது தரைக்குப் போய்க்கொண்டிருக்கலாம் என்று கருதி, கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஃபியூஸின் 13 ஆம்பியரோடு ஒப்பிட்டால் 400 மடங்குக்கும் மேல் நுட்பமானது. அந்தப் பெட்டியில் 'டி' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்த வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் நின்றால் கருவி உயிரோடு இருக்கிறது. நிற்காவிட்டால் அன்றே வயர்மேனைக் கூப்பிடுங்கள். கணினிகளையெல்லாம் முறையாக அணைத்த பிறகு அழுத்துவது நல்லது.

யாருக்காவது மின்சாரம் தாக்கி, பிடித்தது பிடித்தபடி நின்றால் பதறி அவரைத் தொடாதீர்கள். தொடுகிறவரும் அதே வளையத்தில் சேர்ந்துவிடுவார். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது எட்டாவிட்டால் காய்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி போன்ற ஒன்றால் தள்ளி விடுங்கள். பிறகு 999. மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தும் முதலுதவி. தோட்டத்துப் பட்டணத்தில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகலாம். அதனால் கூடத்தில் ஒருவராவது அதைக் கற்றிருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் பிற்பகல் என்றால் இடிமழைதான். எங்கள் வகுப்பு நேரமும் பிற்பகல். வானம் கறுத்ததும், இடி தலைக்கு மேல் வருவதற்கு முன்னால், கணினிகளை அணைத்து ப்ளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுவோம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும்; பலர் இதை மறந்துவிட்டு, ப்ளக் கழற்றியும் கணினி எரிந்துவிட்டதே என்று வருந்துவார்கள். இடி தொடங்கிவிட்டால் வயர் பக்கம் போக வேண்டாம். கணினி போனால் போகட்டும்.

எலி, பல்லி, எறும்பு மூன்றும் எங்கள் வட்டாரத்துக்கே உரிய மின் ஆபத்து. செம்பனையைச் சுற்றி எலிக்குப் பஞ்சமில்லை. வயரின் தோலைக் கடித்துச் செம்பை வெளியே விட்டுவிடும். பல்லி சூடு தேடிக் கணினிப் பெட்டிக்குள் போகும். அறையில் சாப்பிடாதே என்ற விதிக்கு உண்மையான காரணம் இங்கே இருக்கிறது. விசைப்பலகை அழுக்காவது சின்ன விஷயம். கீழே விழுந்த பிஸ்கட் தூள் எலியை அழைக்கிறது, எலி வயரைக் கடிக்கிறது. காரணத்தைச் சொன்னபோது பிள்ளைகள் தாங்களாகவே பெருக்கினார்கள்.

பழுதான கணினியைத் திறந்து பார்க்க ஆசைப்படும் பையன்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். நல்ல ஆசைதான், ப்ளக்கைக் கழற்றிவிட்டுக் கூடவே நான் உட்காருவேன். ஆனால் உள்ளே மின்சாரம் வந்து சேருகிற அந்தச் சதுரப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. அதிலுள்ள மின்தேக்கிகள் ப்ளக்கைக் கழற்றிய பிறகும் அடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்டோரில் தூசு படிந்து கிடக்கும் பழைய பெருத்த மோனிட்டர் இன்னும் மோசம். அதன் குழாயில் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கலாம், கண்ணாடியில் ஈயமும் உண்டு.

தீயும் கிரில் கதவும்

மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிய வேண்டிய மற்றது, எந்தத் தீயணைப்பான் எதற்கு என்பது. கறுப்புப் பட்டை போட்டது கரியமில வாயு. கணினிக்கு அதுதான் ஏற்றது, தூள் படியாது. அடிக்கும்போது கொம்பு மாதிரியான வாயைக் கையால் பிடிக்கக்கூடாது. தோல் உறைந்து புண்ணாகிவிடும். சின்ன அறையில் கதவை மூடிக்கொண்டு அடித்தால் நமக்கே மூச்சுக்காற்று குறையும். அடித்ததும் வெளியேறிவிட வேண்டும். உலர்தூள் வகையும் தீயை அணைக்கும், ஆனால் கணினி எல்லாம் வீணாகும். தீ கைக்கு அடங்காது என்று தோன்றினால் தீயணைப்பானைக் கீழே போட்டுவிட்டு ஓடுவதுதான் சரி.

ஓடுவதற்கு வழி இருக்கிறதா? நான் இரவில் தூக்கம் கெட்டுக் கிடந்தது இந்தக் கேள்வியால்தான். கடைவீட்டு மாடிக்கு ஒரே படிக்கட்டு. கீழே இரும்புக் கிரில். திருட்டுக்குப் பயந்து வகுப்பு நடக்கும்போதே அதைப் பூட்டி வைக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. நானும் பூட்டியிருக்கிறேன், சாவி என் சட்டைப்பையில். புகை நிறைந்த இருட்டில் 12 பிள்ளைகளோடு சாவித்துளையைத் தேடுவதை ஒரு நாள் நினைத்துப் பார்த்தேன். அந்த இடத்துக்கு மதிப்பெண் போட்டால் வாய்ப்பு 3, பலர் உயிர் போகக்கூடும் என்பதால் கேடு 5. மொத்தம் 15. இதற்குப் பலகையோ விதியோ பயிற்சியோ உதவாது. பூட்டையே மாற்ற வேண்டும். உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திருகித் திறக்கும் பூட்டு போட்டோம், வெளியிலிருந்து சாவி வேண்டும். திருடனும் வர முடியாது, பிள்ளைகளும் சிக்க மாட்டார்கள். உங்கள் பிள்ளை போகும் கூடத்தில் கணினி எத்தனை என்று பார்ப்பதற்கு முன் இந்தப் பூட்டைப் பாருங்கள்.

மெதுவாக வருபவை

இனி உடம்பு. இங்கே ஒரே நாளில் எதுவும் நடக்காது. அதனாலேயே நம்ப வைப்பது கடினம்.

கண்ணில் தொடங்குவோம். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இமைக்காத கண் காய்கிறது. ஏர்கோன் காற்று நேரே முகத்தில் பட்டால் இன்னும் சீக்கிரம் காய்கிறது. எரிச்சல், மங்கல், தலைவலி எல்லாம் அதிலிருந்து. திரையின் ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்று பயந்து நீலக்கதிர் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்கிறார்கள். கண்சோர்வை அது குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. அந்தப் பணத்தில் பிள்ளையின் பார்வையைச் சோதியுங்கள். திரையை நோக்கிக் கழுத்தை நீட்டுகிற பிள்ளைக்குக் கிட்டப்பார்வை இருக்கலாம். சரியான கண்ணாடி போட்டால் கழுத்துவலியும் போகும்.

20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ளதை, 20 விநாடி பார்ப்பது நல்ல பழக்கம். எங்கள் சன்னலைத் திறந்தால் கடை வரிசைக்குப் பின்னால் செம்பனைதான். இந்நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917இல், இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். தாத்தா பாட்டியின் முதுகை வளைத்த அந்தப் பயிரைப் பேரப்பிள்ளைகள் கண் ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் மனத்தைத் தொடும் காட்சி.

கழுத்துக்கு, தோள்கம்பில் தொங்கவிட்டுத் தூக்கும் காண்டா வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பர்ப் பால் நிறைந்த வாளிகள் தோளின் இருபுறமும் சமமாகத் தொங்கினால் மைல் கணக்கில் நடக்கலாம். ஒரு பக்கம் சரிந்தால் பத்தடி போவதற்குள் தோள் கழன்றுவிடும். நம் தலை ஏறத்தாழ 5 கிலோ. முதுகெலும்பின் மேல் நேராக உட்கார்ந்திருந்தால் எலும்பு தாங்கும். முன்னால் குனிந்தால் பின்கழுத்துத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும், குனிவு கூடக் கூட இழுப்பும் கூடும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். நீண்ட நேரம் வேலை என்றால் அதைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மாக்கள் வகுப்பில் நான் கற்றுக்கொண்ட விலக்கு ஒன்று. இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர்கள், கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்கிக்கொள்வார்கள். கண் மட்டத்துத் திரை அவர்களுக்கு உபத்திரவம். அவர்களுக்குத் திரையை இன்னும் தாழ்த்த வேண்டும்.

நாற்காலி விஷயத்தில் பெரிய செலவு வேண்டாம். முழங்கை மேசை மட்டத்தில் வரும்படி உட்கார வேண்டும், பாதம் தட்டையாக எதன்மீதாவது ஊன்றியிருக்க வேண்டும். பெரியவர்களுக்குச் செய்த மேசையில் எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் இரண்டும் நடக்காது. அடியில் ஒரு தலையணை, காலுக்குப் பலகை. தொங்கும் கால் மரத்துப்போய்ப் பிள்ளை நெளிந்தால் அதை அடங்காத பிள்ளை என்று சொல்லிவிடுகிறோம்.

மணிக்கட்டு. பால்மரம் சீவுகிறவர் ஒரு நாளில் 500 மரம் வரை சீவுவார். ஒரு மரத்தில் உளியை இழுப்பது பெரிய வேலையில்லை. ஆனால் அதே அசைவு நாள்தோறும், ஆண்டுதோறும் என்றால் கை மரத்துப் போகும். தட்டச்சும் சுட்டியும் அதே கதைதான், அசைவு மட்டும் சிறியது. மணிக்கட்டை மேசை விளிம்பில் மடித்து அழுத்தாமல் நேராக வைத்துக்கொள்ளுங்கள். சுட்டியை உடம்புக்கு அருகில் வையுங்கள். மணிக்கு ஐந்து நிமிடமாவது எழுந்து நடங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரமரத்து, இரவில் அதனாலேயே விழிப்பு வந்தால் மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டே ஆறு மாதம் ஓட்டாதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் என்றால், வேலையால் வந்த நோய்க்குச் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. அதற்கு மருத்துவரிடம் போன பதிவு வேண்டும்.

ஏர்கோனுக்குக் கீழே இருக்கும் வாளி

கணினிப் பாதுகாப்பைப் பேசுகிறவர்கள் எவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏர்கோனிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி வைப்போமே, அது. தெளிந்த தண்ணீர், நிழல், யாரும் தொந்தரவு செய்யாத மூலை. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது கடிப்பது பகலில், காலையிலும் மாலையிலும் அதிகம். பிள்ளைகள் மேசைக்கடியில் கால் நீட்டி ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருகிற நேரமும் அதுதான். வார இறுதியில் மட்டும் திறக்கும் எங்கள் கூடத்தில் அந்த வாளி ஐந்து நாள் தொடப்படாமல் இருந்தது. சொட்டுக் குழாயை நேரே சாக்கடைக்கு இறக்கிவிட்டு வாளியையே எடுத்துவிட்டோம். நீக்குதல் என்று மேலே சொன்னதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மற்றவை சுருக்கமாக. டோனர் தூள் கொட்டினால் ஊதாதீர்கள், வீட்டு வாக்கும் கிளீனரும் வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள், கையைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், வெந்நீர் அதை ஒட்ட வைக்கும். மடிக்கணினியோ கைப்பேசியோ அடிப்பகுதி உப்பியிருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது. குத்தாமல், சார்ஜ் போடாமல் வெளியே எடுத்து வைக்க வேண்டும். பழைய கணினிகள் இந்நாட்டில் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்டிருக்கும் அபாயக் கழிவு; குப்பைத் தொட்டிக்கோ திறந்தவெளித் தீக்கோ உரியவை அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முன்பு குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டும் இருந்தது. 2024 ஜூன் 1 முதல், வீட்டு வேலை போன்ற சில விலக்குகள் தவிர, நாட்டிலுள்ள எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. இடரை மதிப்பிடுவது முதலாளியின் கடமை என்றும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்யாமல் வந்துபோகிறவர்களுடைய பாதுகாப்பையும் அவர் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் அதில் அடங்குவார்கள். ஆகவே ஒரு கூடத்தில் போய் "இடர் மதிப்பீடு செய்திருக்கிறீர்களா?" என்று பெற்றோர் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

எங்கள் வகுப்பில் முதல் நாள் கணினியை யாரும் தொடுவதில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்து அறையைச் சுற்றி வரச் சொல்வேன். கண்ணில் பட்டதை எழுத வேண்டும், இரண்டு எண் போட்டுப் பெருக்க வேண்டும். அந்த அம்மாவின் மகள் ஏழு எழுதினாள். அவற்றில் ஆறு எனக்குத் தெரிந்தவை. ஏழாவது, கழிவறையிலிருந்து வருகிறவர்கள் ஈரக் காலோடு மின்பெட்டியைக் கடந்து வருகிறார்கள் என்பது. நான்கு ஆண்டுகளாக நானும் அந்த வழியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறேன். வாசலில் தடித்த மிதியடி போட்டாகிவிட்டது. பெட்டியை மேலே மாற்றுவதற்கு வயர்மேன் வரும் ஞாயிறு வருகிறார்.